செல் சிகிச்சை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

2024 ஏப்ரல் 4 அன்று மும்பை ஐஐடியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஒரு புற்றுநோய் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். அதன் பெயர் நெக்ஸ்கார்19; இது கார்-டி வகைச் சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய் செல்லை இனங்காணும் மரபணுவை அவற்றில் சேர்த்து, ஆய்வகத்தில் பெருக்கி, அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றுவதுதான் கார்-டி சிகிச்சை. ஐஐடி ஆய்வாளர்கள், டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், இம்யூனோஆக்ட் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கைகோத்ததால் நெக்ஸ்கார்19 சாத்தியமானது. அமெரிக்காவில் 2017-இல் வந்த முதல் கார்-டி மருந்தின் விலை அப்போது 4,75,000 டாலர். இங்கே 2024-இல் நெக்ஸ்கார்19-இன் விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். பத்தில் ஒரு பங்கு என்றாலும், நடுத்தரக் குடும்பம் வீட்டை விற்றுத்தான் புரட்ட வேண்டிய தொகை.

இது மெய்யான சிகிச்சை. அதனால்தான் இதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதும் எளிது.

நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் கிடைத்த அனுமதி, திரும்பி வந்த அல்லது மருந்துக்குக் கட்டுப்படாத பி செல் ரத்தப் புற்றுநோய்க்கும் லிம்போமாவுக்கும் மட்டுமே. வயிறு, நுரையீரல், மார்பகம் போன்ற கட்டிப் புற்றுநோய்களுக்கு அல்ல. “உங்கள் எதிர்ப்பு செல்களையே வளர்த்து ஏற்றுகிறோம், எந்தப் புற்றுநோயும் ஓடிவிடும்” என்று யாராவது சொன்னால் ஒரே கேள்வி போதும்: இது அனுமதி பெற்ற சிகிச்சையா, மருத்துவ ஆய்வா? ஆய்வு என்றால் சிடிஆர்ஐ எனும் தேசியப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வுக்காகவே ஆகும் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை. எண்ணையும் தராமல் லட்சங்களையும் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

நோய்த்தொற்றுப் பக்கமும் இந்த ஆராய்ச்சி நகர்கிறது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு, கொடையாளரின் டி செல்களைக் கொண்ட மருந்தை ஐரோப்பா 2022 டிசம்பரில் அனுமதித்தது. எச்ஐவிக்கான செல் சிகிச்சை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2012-இல் பிலடெல்பியாவில் கார்-டி சிகிச்சை பெற்ற சிறுமி எமிலி ஒயிட்ஹெட், எதிர்ப்பு செல்கள் சுரக்கும் சைட்டோகைன் எனும் பொருள்கள் அளவுமீறிப் பெருகியதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடினாள். மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப் அவளைக் காப்பாற்றியது. கடும் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, மனக்குழப்பம், பிறகு நீண்ட நாள் தொற்று அபாயம் ஆகியவை தெரிந்த விளைவுகளே. டி செல்களிலேயே புதிய புற்றுநோய் வரக்கூடும் என்று எச்சரிக்கை அச்சிட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. நெக்ஸ்கார்19 ஆய்வில் 73 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை ஆபத்துகள் இருப்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ளவே கூடாது.

ஆய்வில் சேருவோருக்கு 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் துணை நிற்கின்றன. ஒப்புதல் படிவமும் விளக்கமும் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், நகலும் தர வேண்டும். நடுவில் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. புகாரை முதலில் ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். அதன் தொடர்பு விவரம் படிவத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு வேறு வழி உண்டு. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவர் தர வேண்டும். ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள்தான் கெடு.