மூச்சிரைப்பும் மெலியும் கால்களும்

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளைத் தைப்பூசத்தன்று ஆயிரமாயிரம் பேர் ஏறிச் செல்லும் இதே பினாங்கில், ஜார்ஜ் டவுனின் கடைமுகப்பு நடைபாதையான அஞ்சடி வழியே நாலு கடைகளைக் கடப்பதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிற மனிதர்களும் இருக்கிறார்கள். கையில் ஊன்றுகோல் இல்லை. உட்கார்ந்து பேசும்போது யாதொரு குறையும் புலப்படுவதில்லை. ஆகவே, சிகரெட்டுப் புகையாலோ, தொழிற்சாலைத் தூசியாலோ, விறகடுப்பாலோ, என்றோ வந்துபோன காசநோயின் தழும்பாலோ சுவாசகோசம் சீர்கெட்ட இவர்களை அங்கஹீனர் என்று ஊரார் எண்ணுவதில்லை. சோம்பேறி என்று எண்ணுவதுண்டு.

கண்ணுக்குப் புலப்படாத இந்த இயலாமையை அளக்கும் வழியொன்றை, சென்ற நூற்றாண்டின் மத்தியில், தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்த சார்ல்ஸ் பிளெட்சர் முதலிய பிரிட்டிஷ் வைத்தியர்கள் வகுத்தார்கள். கடும் உழைப்பில் மட்டும் இரைப்பது முதல் நிலை. மேடேறுகையில் இரைப்பது இரண்டாவது. ஒத்த வயதினரோடு ஈடுகொடுத்து நடக்க இயலாமை மூன்றாவது. சமதரையில் சுமார் 100 கஜம் நடந்ததும் நிற்க நேர்வது நான்காவது. சட்டை மாற்றவே மூச்சுத் திணறி வீட்டோடு கிடப்பது ஐந்தாவது. ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரின் எண்ணோடு இந்த நிலை எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஒரே அளவு ஊதுகிற இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய்வர, மற்றவர் கடைவீட்டு மாடியை விட்டு இறங்கமாட்டாமல் இருப்பதுண்டு.

இந்த வித்தியாசத்தின் காரணத்தை மார்பில் மட்டுமன்றித் தொடையிலும் தேட வேண்டும். குறுகிய சுவாசக் குழல்களின் வழியே பழைய காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சை இழுக்க நேர்வதால், நடக்க நடக்க மார்பில் காற்று தேங்குகிறது. இரைப்புக்கு அஞ்சி நோயாளி நடையைக் குறைக்கிறார். குறைத்தபடியால் தொடைத் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகள் சிறு வேலைக்கே களைத்து, லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து, முன்னிலும் அதிக மூச்சைக் கேட்கின்றன. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப்போல் இயலாமை இவ்வாறு பெருகுகிறது.

ஆனால், கெட்டுப்போன நுரையீரலைப் புதுப்பிக்க வைத்திய சாஸ்திரத்தால் இயலாவிட்டாலும், மெலிந்த காலைத் தேற்ற இயலும். நோயாளி 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, அதற்கேற்ப வாரந்தோறும் நடையையும் தசைப் பயிற்சியையும் சிறுகச் சிறுகக் கூட்டி, உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சுவிடவும் கற்பிக்கும் மறுவாழ்வுச் சிகிச்சையில், ஸ்பைரோமீட்டரின் எண் பெரும்பாலும் அப்படியே நிற்க, நடக்கும் தூரம் கூடுகிறது.

இந்த இயலாமையைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது? மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தின்கீழ் நடைபெறும் பதிவின் ஏழு பிரிவுகளில் நுரையீரலுக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் 1969ஆம் ஆண்டுச் சட்டமோ, தீராத நோயால் ஒருவர், ஆரோக்கியமான தொழிலாளியின் வழக்கமான வருவாயில் மூன்றிலொரு பங்கும் ஈட்ட மாட்டாதவராகிவிட்டாரா என்று கேட்கிறது. உறுப்பின் பெயரைக் கேளாமல் மனிதனின் சக்தியைக் கேட்கும் இம்முறை, நோயின் சுபாவத்துக்கு நெருக்கமானது.

வீட்டாரும் அவ்வாறே கேட்பது நலம். “நீங்க சும்மா உட்காருங்கப்பா” என்று அன்போடு சொல்லித் தந்தையை நாற்காலியில் இருத்தும் பிள்ளைகள், தாம் அறியாமலே அவருடைய கால்களை மெலிவிக்கிறார்கள். வைத்தியர் அனுமதித்த தூரத்தை, அவர் நின்று நின்று நடந்தாலும் பொறுமையோடு உடன் நடப்பதே அவருக்குச் செய்யும் பணிவிடை.