80 லிட்டர் தண்ணீரில் நான்கு நாள்

ஜொகூர் பாருவிலிருந்து மூவாருக்குப் போக வேண்டும் என்றால் நம்மில் பெரும்பாலோர் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்தான் ஏறுவோம். 1994-ஆம் ஆண்டு அந்த நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, பொந்தியான், பெனுட், பத்து பகாட் வழியாகச் செல்லும் கூட்டரசு சாலை 5 பலருக்கு மறந்தே போய்விட்டது. என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

அப்பா 22 ஆண்டுகளாகக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். நெடுஞ்சாலையில் எந்த ஓய்வுப் பகுதியில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் கடலோர ஊர்களில் அவர் இறங்கியதே இல்லை. அம்மா ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். இருவருக்கும் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, அண்ணனும் நானும் சேர்த்து வைத்த பணத்தில் நான்கு நாளுக்கு ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். "யாராவது போன்ல மேப் பார்க்கணும்ல, நீயும் வா" என்று அம்மா சொன்னதால் பின் இருக்கையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

கேம்பர்வேன் என்பது வேனுக்குள் ஒரு குட்டி வீடு. படுக்கை, எரிவாயு அடுப்பு, சின்ன ஐஸ்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் தனி பேட்டரி உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு கலன், கழுவிய தண்ணீருக்கு இன்னொரு கலன். எங்கள் வேனின் நல்ல தண்ணீர்க் கலன் 80 லிட்டர் கொள்ளும். மலேசியாவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 200 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைச் செலவழிக்கிறார். எங்களிடம் இருந்ததோ மூன்று பேருக்கு 80.

முதல் நாள் தஞ்சோங் பியாய் சென்றோம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை இதுதான். அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலத்தில் நடந்து போகலாம். உப்பு நீரில் நிற்கும் இந்த மரங்கள், மூச்சு விடுவதற்காகச் சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தஞ்சோங் பியாய், அருகிலுள்ள கூக்கூப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் 2003-இல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் கரை அரிக்கப்பட்டு வருகிறது. நீரிணையில் போகும் கப்பல்கள் கிளப்பும் அலைகளும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கப்பல்களிலிருந்து இறங்கும் கொள்கலன்களைத்தான் அப்பா லோரியில் ஏற்றிச் செல்கிறார். அவர் கடலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று இரவு பொந்தியானில் தங்கினோம். சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தபோது கலனில் பாதிக்கும் குறைவாகவே தண்ணீர் இருந்தது. நாங்கள் யாரும் வேனில் குளிக்கக்கூட இல்லை.

"எங்கம்மா போச்சு இவ்வளவு தண்ணி?" என்று அப்பா கேட்டார்.

"அரிசி கழுவினது, மீன் கழுவினது, சட்டி பானை, உங்க காப்பிக் கோப்பை மட்டும் நாலு தடவை. வீட்டுல பைப்பத் திறந்தா வந்துகிட்டே இருக்கும். யாரு எண்ணிப் பார்த்தா?" என்றார் அம்மா.

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அப்பா பதில் பேசவில்லை. வீட்டில் சமையலறை ஒரு பக்கம், தொலைக்காட்சி இன்னொரு பக்கம். வேனில் அடுப்புக்கும் அப்பாவின் இருக்கைக்கும் இடையே ஒரு கை தூரம்தான். அம்மா எத்தனை முறை எழுகிறார், எத்தனை முறை குனிகிறார் என்பதைப் பார்க்காமல் இருக்க அங்கே வழியே இல்லை.

மறுநாள் காலை முதல் பாத்திரம் கழுவும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தட்டில் உள்ள எண்ணெயை முதலில் தாளால் துடைத்துவிட்டு, பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் செலவு கண்கூடாகக் குறைந்தது.

பத்து பகாட் என்ற பெயருக்கு 'செதுக்கிய கல்' என்று பொருள். அங்கே மிஞாக் பெக்கு மீனவக் கிராமத்தில், கடலோரப் பாறையில் வெட்டிய ஒரு சிறிய கிணறு இருக்கிறது. மலாக்காவைத் தாக்க வந்த சயாம் படையினர் குடிநீருக்காக அதை வெட்டினார்கள் என்று நம்பப்படுகிறது. "ஒரு குடம் தண்ணிக்குப் பாறையையே வெட்டியிருக்கான்" என்று அப்பா வியந்தார். "நீங்க ஒரு தட்டு கழுவ 25 வருஷம் யோசிச்சீங்க" என்றார் அம்மா. மூவரும் சிரித்தோம்.

அங்கிருந்து மூவார் போகும் வழியெல்லாம் 'பாரிட்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, பயிர் செய்து குடியேறியவர்களின் உழைப்பு அந்தப் பெயர்களில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் இதெல்லாம் கண்ணில் படாது.

"எங்க நிறுத்தலாம், சொல்லு" என்று அப்பா அந்தச் சாலையில்தான் அம்மாவிடம் கேட்டார். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி அவருக்குப் பழக்கமில்லை. பிறகு பாரிட் ஜாவாவில் நிறுத்தச் சொல்லி, அசாம் பெடாஸ் சாப்பிட வேண்டும் என்றார். மூவாரிலும் அவர் சொன்னபடிதான்: காலையில் சாத்தே, மாலையில் தஞ்சோங் எமாஸ் ஆற்றங்கரை. மூவாரின் இன்னொரு பெயர் பண்டார் மகாராணி. "சரியான ஊருக்குத்தான் கூட்டி வந்திருக்கேன்" என்று அப்பா தனக்கே பாராட்டுச் சொல்லிக்கொண்டார்.

விடுமுறையில் இப்படி ஒரு பயணம் போக நினைக்கும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். வாடகை நிறுவனங்கள் ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச வயதை நிர்ணயிப்பது வழக்கம். அதனால் 'பி' உரிமம் உள்ளவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை, முன்பணம், டீசல் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் விடுதியைவிட மலிவு என்று சொல்ல முடியாது. இரவு தங்குமுன் அந்த இடத்துக்காரர்களிடம் அனுமதி கேளுங்கள். கழுவிய தண்ணீரைச் சாலையோரக் கால்வாயில் திறந்துவிடாதீர்கள். அது கடைசியில் அந்த அலையாத்திக் காட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

பயணம் போக வசதி இல்லையா? ஒரு நாள் மட்டும் உங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, எத்தனை வாளித் தண்ணீர் செலவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை வாளி யாருடைய கை வழியாகப் போகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு இப்போது மாறியிருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டுகளைத் தாளால் துடைக்கும் சத்தம் கேட்கிறது. அது அப்பாதான்.