திரவங்களின் உண்மை விரிவும் தோற்ற விரிவும்

திரவங்களின் வெப்ப விரிவு என்பது, வெப்பநிலை உயரும்போது திரவத்தின் பருமன் அதிகரிப்பதைக் குறிக்கும். திடப்பொருளுக்குத் தனக்கென ஒரு வடிவம் உண்டு. ஆகவே அதன் நீளம், பரப்பு, பருமன் ஆகியவற்றின் விரிவைத் தனித்தனியே அளக்கலாம். திரவத்திற்குத் தனி வடிவம் இல்லாததால் அதற்குப் பரும விரிவு மட்டுமே கணக்கிடப்படுகிறது. மேலும், திரவத்தை ஒரு கொள்கலனில் வைத்தே சூடாக்க வேண்டியுள்ளது. அப்போது கொள்கலனும் விரிவடைகிறது. எனவே கண்ணுக்குத் தெரியும் மட்ட உயர்வு திரவத்தின் முழு விரிவு அன்று. திரவம் விரிந்த அளவுக்கும் கொள்கலன் விரிந்த அளவுக்கும் உள்ள வேறுபாடே அவ்வாறு தெரிகிறது. இந்த வேறுபாடு தோற்ற விரிவு எனவும், திரவம் உண்மையில் விரிந்த அளவு உண்மை விரிவு எனவும் அழைக்கப்படுகின்றன.

எளிய சோதனை

ஒரு கண்ணாடிக் குடுவையில் நிறமூட்டிய நீரை நிரப்பி, மெல்லிய குழாய் செருகிய அடைப்பானால் மூட வேண்டும். குழாயில் நீர் நிற்கும் மட்டத்தை 'அ' எனக் குறித்துக்கொண்டு, குடுவையைச் சுடுநீரில் வைத்தால் மட்டம் முதலில் 'ஆ' வரை சற்றுக் கீழிறங்கும். பின்னர் மேலேறி 'அ'வைக் கடந்து 'இ' என்னும் மட்டத்தை அடையும்.

வெப்பம் முதலில் கண்ணாடியை அடைவதால் குடுவை விரிந்து அதன் கொள்ளளவு கூடுகிறது. அதனால் மட்டம் இறங்குகிறது. பிறகு நீர் சூடாகி, கண்ணாடியை விடப் பல மடங்கு விரிவதால் மட்டம் ஏறுகிறது. 'அ' முதல் 'இ' வரையிலானது தோற்ற விரிவு. 'ஆ' முதல் 'இ' வரையிலானது உண்மை விரிவு எனப் பாடநூல்கள் விளக்குகின்றன. ஆனால் நீர் சூடாகும்போதும் குடுவை தொடர்ந்து விரிவதால், 'ஆ' என்னும் மட்டம் கொள்கலனின் முழு விரிவையும் காட்டுவதில்லை. கருத்தை விளக்க இச்சோதனை போதுமானது. துல்லியமான அளவீட்டிற்குப் போதாது.

குணகங்களுக்கு இடையிலான தொடர்பு

ஓரலகு பருமனுள்ள பொருளின் வெப்பநிலை 1° செ. உயரும்போது பருமனில் ஏற்படும் அதிகரிப்பு பரும விரிவுக் குணகம் ஆகும். உள்ளீடற்ற கொள்கலன், அதே பொருளால் முழுவதும் நிரம்பிய கட்டி எவ்வாறு விரியுமோ அவ்வாறே விரிகிறது. ஆகவே சூடாகும்போது அதன் உட்புறக் கொள்ளளவு கூடுமே தவிரக் குறையாது. இதிலிருந்து பின்வரும் தொடர்பு கிடைக்கிறது:

உண்மை விரிவுக் குணகம் = தோற்ற விரிவுக் குணகம் + கொள்கலனின் பரும விரிவுக் குணகம்

பாதரசத்தின் உண்மை விரிவுக் குணகம் ஏறக்குறைய 0.000182, சாதாரணக் கண்ணாடியின் பரும விரிவுக் குணகம் ஏறக்குறைய 0.000027. 0° செ. வெப்பநிலையில் 100 மி.லி. கொள்ளளவுள்ள கண்ணாடிப் பாத்திரத்தை விளிம்பு வரை பாதரசத்தால் நிரப்பி 100° செ. வரை சூடாக்கினால், பாதரசம் 1.82 மி.லி. விரியும், பாத்திரத்தின் கொள்ளளவு 0.27 மி.லி. கூடும். வழிந்து வெளியேறுவது ஏறக்குறைய 1.55 மி.லி. மட்டுமே. பாதரச வெப்பநிலைமானியில் காணப்படும் ஏற்றமும் இத்தகைய தோற்ற விரிவே ஆகும்.

கொள்கலனின் பங்கை விலக்கும் முறை

மேற்கண்ட தொடர்பைப் பயன்படுத்தக் கொள்கலனின் விரிவு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தவிர்த்து, பாதரசத்தின் உண்மை விரிவை நேரடியாக அளக்கும் முறையை பிரெஞ்சு அறிவியலாளர்களான தூலோங், பெத்தி ஆகியோர் 1810-களின் பிற்பகுதியில் கையாண்டனர்.

அவர்கள் இரு செங்குத்துக் குழாய்களை அடிப்பகுதியில் மெல்லிய கிடைக்குழாயால் இணைத்துப் பாதரசத்தை நிரப்பினர். ஒரு குழாய் உருகும் பனிக்கட்டியால் சூழப்பட்டிருந்தது. மற்றது சூடான எண்ணெயால் சூழப்பட்டிருந்தது. சமநிலையில் இரு தம்பங்களும் அடியில் ஒரே அழுத்தத்தைத் தருகின்றன. அழுத்தம் தம்பத்தின் உயரத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. குழாயின் அகலத்தைப் பொறுத்தது அன்று. எனவே சூட்டினால் குழாய் அகன்றாலும் முடிவு மாறாது. உயரங்களின் விகிதமே அடர்த்திகளின் விகிதத்தையும், அதன்வழி உண்மை விரிவையும் தருகிறது. குளிர்ந்த தம்பம் 50 செ.மீ. எனில் 100° செ. வெப்பநிலையில் உள்ள தம்பம் ஏறக்குறைய 50.9 செ.மீ. உயரம் இருக்கும். அவர்கள் பெற்ற குணகம் 5550-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.00018 ஆகும். பின்னர் ரெனோ இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார்.

நீரும் 4° செ. சிக்கலும்

நீர் 0° செ. முதல் 4° செ. வரை சூடாகும்போது சுருங்குகிறது. அதன் பிறகே விரிகிறது. உறைநிலையை நெருங்கும் நீர் குளிர்கையிலும் விரிகிறது என்று 1683-இல் வில்லியம் குரூன் இலண்டன் அரச கழகத்தில் கூறியபோது, கண்ணாடிப் பாத்திரம் சுருங்குவதால் மட்டம் உயர்வதாக இராபர்ட் ஊக் ஐயம் எழுப்பினார். அந்த ஐயம் முற்றிலும் பொருளற்றது அன்று. சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தில் நீரின் மட்டம் மிகக் கீழே நிற்பது 4° செ. வெப்பநிலையில் அன்று, 6° செ.-க்குச் சற்றுக் கீழே ஆகும்.

எடின்பரோவைச் சேர்ந்த தாமசு சார்லசு ஓப் 1805-இல் வெளியிட்ட சோதனை, மட்டத்தை அளக்காமலே இதற்குத் தீர்வு கண்டது. உயரமான சாடியிலுள்ள நீரின் நடுப்பகுதியைக் குளிர்வித்தபோது, கீழுள்ள வெப்பநிலைமானி முதலில் இறங்கி ஏறக்குறைய 4° செ. அளவில் நின்றது, அதன் பிறகு மேலுள்ளது 0° செ. நோக்கி இறங்கியது. அடர்த்தி மிகுந்த நீர் அடியில் தங்குவதால், மீப்பெரு அடர்த்தி நீரின் பண்பே என்பது உறுதியாயிற்று.

நடைமுறையில்

ஆய்வகக் குடுவைகளில் கொள்ளளவுடன் '20° செ.' என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெப்பநிலையில்தான் அந்தக் கொள்ளளவு சரியானது. பெட்ரோலின் பரும விரிவுக் குணகம் ஏறக்குறைய 0.00095, எஃகின் குணகம் ஏறக்குறைய 0.000036. 50 லிட்டர் எஃகுத் தொட்டியை விளிம்பு வரை பெட்ரோலால் நிரப்பியபின் வெப்பநிலை 20° செ. உயர்ந்தால், பெட்ரோல் 0.95 லிட்டர் விரியும். தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 0.04 லிட்டரே கூடும். மீதமுள்ள 0.91 லிட்டருக்கு இடம் இராது. ஆகவே எரிபொருள் தொட்டிகளில் மேற்புறம் சிறிது வெற்றிடம் விடப்படுகிறது.