“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்!” ரகசியத்தைக் காப்பதா? உயிரைக் காப்பதா? கவுன்சிலிங் அறையில் தர்மசங்கடம்

“மிஸ், ஒரு விஷயம் சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணுங்க!”

பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி... எங்கே கவுன்சிலிங் அறை இருக்கிறதோ அங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆலோசகர் “சரிம்மா” என்று தலையை ஆட்டி விட்டால் அந்த நிமிடமே மாட்டிக் கொண்டார் என்று அர்த்தம்.

அடுத்து வருவது காதல் கதையாக இருக்கலாம். பரீட்சை பயமாக இருக்கலாம். “எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலை” என்பதாகவும் இருக்கலாம்.

வெளியே சொன்னால் நம்பிக்கை போச்சு. சொல்லாமல் இருந்தால் உயிரே போய் விடலாம். ஆலோசகர் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடி இருக்கிறது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலையில் உத்தரவு போட்டது. விசாகப்பட்டினத்தில் ‘நீட்’ தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் வந்த உத்தரவு அது.

2022-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலை செய்து கொண்டதாக மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. இதில் தமிழ்நாட்டுக் கணக்கு 19,834. மாணவ-மாணவிகள் மட்டும் நாடு முழுவதும் 13,044 பேர்.

ஆலோசகரை உட்கார வைத்தாயிற்று. அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு.

13 வயது மாணவி

இதே கேள்வி அமெரிக்காவில் கோர்ட்டுப் படி ஏறியது. மேரிலாண்டு மாநிலத்தில் 1988-ல் நடந்த சம்பவம் அது. விவரம் வருமாறு:-

13 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, தான் சாகப் போவதாகத் தோழிகளிடம் சொன்னாள். பயந்து போன தோழிகள் தங்கள் பள்ளி ஆலோசகரிடம் ஓடினார்கள். அவர் அந்த மாணவியின் ஆலோசகருக்குத் தகவல் கொடுத்தார். இரண்டு ஆலோசகர்களும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று மாணவி மறுத்து விட்டாள்.

அத்தோடு விஷயம் முடிந்தது. வீட்டுக்கு ஒரு போன் கூடப் போகவில்லை. தலைமை ஆசிரியருக்கும் தெரியாது.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் ஒரு பூங்காவில் அவளும், வேறு பள்ளியில் படித்த அதே வயதுத் தோழியும் பிணமாகக் கிடந்தார்கள்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லி இருந்தால் என் மகளைக் காப்பாற்றி இருப்பேனே” என்பதுதான் தகப்பனார் போட்ட வழக்கின் சாரம். கீழ்க்கோர்ட்டு அதை ஏற்கவில்லை. தகப்பனார் விடவில்லை. 1991-ல் மாநிலத்தின் உச்ச கோர்ட்டு வழக்கை விசாரிக்கச் சொல்லி உத்தரவு போட்டது.

சிறு வயது மாணவர் சாக நினைக்கிறார் என்று தெரிந்தால், அதைத் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது பள்ளி ஆலோசகரின் கடமை என்றது அந்தத் தீர்ப்பு. போகப் போவது ஓர் உயிர். அதனால் ஆபத்து நடக்க வாய்ப்பு குறைவு என்று தோன்றினாலும் கடமை உண்டு என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். இதில் இன்னொரு சங்கதி: பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று பள்ளியின் விதிமுறையிலேயே ஏற்கனவே எழுதி இருந்தது!

அமெரிக்கத் தீர்ப்பு நம் ஊர்க் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் “கேட்டேன், இல்லைன்னு சொல்லிட்டாங்க” என்று கையைக் கழுவுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நம் சட்டம்

இந்தியாவில் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும், இது கட்டாயம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். மற்றவர்களுக்கு ஆபத்து என்றாலும் சொல்லலாம். அப்போதும் ஆபத்தைத் தடுக்கத் தேவையானது எதுவோ அதை மட்டுமே சொல்ல வேண்டும்.

கடைசி வரிதான் முக்கியம். “உங்க பையன் உயிருக்கு ஆபத்து இருக்கு, தனியா விடாதீங்க, இன்னிக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்க” என்பது தேவையான தகவல். அவன் யாரைக் காதலித்தான், ஆஸ்டலில் என்ன செய்தான் என்பது தேவையில்லாதது. அதை ஆசிரியர்கள் அறையில் டீ குடிக்கும்போது பேசுவது துரோகம்.

இந்தச் சட்டம் டாக்டர்கள், மனநல நிபுணர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பள்ளி ஆலோசகருக்கென்று தனி வரி கிடையாது. அவர் தன் மனசாட்சியையும் பள்ளியின் விதிமுறையையும் பிடித்துக் கொண்டுதான் நடக்க வேண்டி இருக்கிறது.

போலீஸ் பயமும் ஒரு காலத்தில் இருந்தது. தற்கொலைக்கு முயன்றால் இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவின்படி ஒரு வருடம் வரை ஜெயில். அதனால் “கை தவறி நடந்து விட்டது” என்று குடும்பமே மறைக்கும். 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போய் விட்டது. அரசு ஊழியரை மிரட்டிப் பணிய வைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் இப்போது குற்றம். இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது.

முதல் நாளே

அப்படியானால் சத்தியம்? பண்ணவே கூடாது. முதல் நாள் உட்கார்ந்த உடனேயே எல்லையைச் சொல்லி விட வேண்டும். “நீ சொல்றது என்னோட இருக்கும். உன் உயிருக்கோ, இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி கூப்பிடுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

இப்படிச் சொன்னால் வாயே திறக்க மாட்டார்களே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சிலர் திறக்க மாட்டார்கள்தான். ஆனால் பொய்ச் சத்தியம் பண்ணி, பிறகு முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குப் போன் போட்டால், அந்தப் பிள்ளை அப்புறம் எந்த ஆலோசகரையும் நம்பாது.

சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்கக் கூடாது. “தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விடுவோம் என்பது வீண் பயம்; ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. பலருக்குக் கேட்டதே பெரிய ஆறுதல்.

இன்னொரு வழக்கம், கையில் அடித்து சத்தியம் வாங்குவது. “இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு எழுதிக் கொடு” என்று கையெழுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் ஆலோசகரின் பயத்தைத்தான் போக்கும். உயிரைக் காப்பாற்றியதற்கு ஆதாரம் இல்லை. மனசு தாங்காத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது, ஆபத்தான பொருளை வீட்டில் யார் எடுத்து வைப்பது என்று இருவரும் சேர்ந்து திட்டம் எழுதுவதே இப்போதுள்ள முறை.

வீடே பிரச்சினையானால்?

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரிடம் சொல்வது முறை. ஆனால் சாக நினைப்பதற்குக் காரணமே வீட்டில் இருக்கும் ஆளாக இருந்தால்?

பிள்ளையைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துகிறவர் தகப்பனோ, மாமாவோ என்றால், அதே வீட்டுக்குப் போன் போடுவது ஆபத்து. இதில் 2012-ம் ஆண்டு ‘போக்சோ’ சட்டம் கறாராக இருக்கிறது. தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில். எனவே யாரிடம் சொல்வது என்பதை யோசித்தே சொல்ல வேண்டும். தனியாக முடிவெடுக்காமல் மூத்த ஆலோசகரிடமோ, மனநல டாக்டரிடமோ கலந்து பேசுவதும், பேசியதை எழுதி வைப்பதும் கடமையில் சேரும். டாக்டரிடம் அனுப்பிய பிறகு “நம்ம வேலை முடிஞ்சுது” என்று விட்டு விடவும் கூடாது. போனாரா, திரும்பி வந்தாரா என்று கேட்க வேண்டும்.

டீ கொடுத்தவர்கள்

ஆலோசகர் அறைக்கே போகத் தயங்குகிறவர்கள் போனில் பேசலாம். இதற்கு வழி காட்டியவர் லண்டன் பாதிரியார் சாட் வாரா. 1953-ல் ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். அவரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும்போது தொண்டர்கள் டீ கொடுத்துப் பேசிக் கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே பலருக்கு மனசு லேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலேயே போய் விட்டார்களாம்!

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘சினேகா’வும் அந்த வழியில் வந்ததுதான். இங்கே தொண்டர்கள் புத்திமதி சொல்வதில்லை, காது கொடுத்துக் கேட்கிறார்கள். போன் நம்பர்: 044-24640050.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ நம்பர் 14416. காசு கிடையாது. இரவு, பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-க்கும் கூப்பிடலாம். தனக்காக மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கவலையாக இருந்தாலும் கேட்கலாம்.