ஓடைப்பட்டியிலிருந்து ஃபேஷன் டிசைனர் ஆக முடியுமா? பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் லேட்!

ஓடைப்பட்டியில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க கவுனும் லெஹங்காவும் ஜாக்கெட் கழுத்து டிசைனும்தான். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், 'கைக்கு என்ன மாடல் வைக்கலாம் பாப்பா?' என்று அவரிடம்தான் வந்து கேட்கிறார்கள். மே மாதம் ரிசல்ட் வருகிறது. நல்ல மார்க். "ஃபேஷன் டிசைனிங் படிக்கிறேன்ப்பா" என்கிறார். திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வீடு திரும்பிய அப்பா, "அதுக்கு எங்கம்மா சேரணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார். இருவரும் செல்போனை எடுத்துத் தேடுகிறார்கள். முதலில் வந்து நிற்பவை எல்லாம் விளம்பரங்கள். 'ஆறே மாதத்தில் டிசைனர்', 'வேலை நிச்சயம்', 'இன்றே சேர்ந்தால் தள்ளுபடி'.

இந்தத் துறையில் நாட்டின் முதன்மையான அரசு நிறுவனத்துக்கான விண்ணப்பம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

பள்ளிப் பரீட்சைக்கு முன்பே நுழைவுத் தேர்வு

நிஃப்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986-ல் டெல்லியில் தொடங்கப்பட்டது. சென்னை தரமணி வளாகம் 1995-ல் வந்தது. 2006-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, தானே பட்டம் வழங்கும் அதிகாரத்தை இதற்குக் கொடுத்தது. இங்கே பி.டெஸ் என்ற நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் ஃபேஷன் டிசைன், டெக்ஸ்டைல் டிசைன், நிட்வேர் டிசைன், லெதர் டிசைன் எனப் பல பிரிவுகள் உண்டு.

பி.டெஸ் சேர பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. காமர்ஸ், ஆர்ட்ஸ் எல்லாம் ஓகே. சிக்கல் தேதியில்தான் இருக்கிறது. 2025 சேர்க்கையையே எடுத்துக்கொள்வோம். நுழைவுத் தேர்வு பிப்ரவரி 9-ம் தேதி நடந்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது மார்ச் 3-ம் தேதி. ரிசல்ட் வந்தது மே 8. அதாவது பள்ளித் தேர்வு எழுதுவதற்கு முன்பே, விண்ணப்பித்து நுழைவுத் தேர்வையும் எழுதி முடித்திருக்க வேண்டும். 'முதல்ல ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்ற நம்ம ஊர் வழக்கம் இந்த இடத்தில் ஒரு வருஷத்தைக் காவு வாங்கிவிடுகிறது. நீட், ஜே.இ.இ. தேதிகளைப் பள்ளிகளில் மைக் வைத்துச் சொல்கிறார்கள். இதைச் சொல்வதற்குப் பெரும்பாலும் ஆள் இல்லை.

2024-ல் இருந்து இந்தத் தேர்வைத் தேசிய தேர்வு முகமை நடத்துகிறது. பொது அறிவு, ஆங்கிலம், எளிய கணக்கு ஆகியவற்றைச் சோதிக்கும் தாள் ஒன்று. வரைந்து காட்டும் தாள் ஒன்று. பி.டெஸ் தரவரிசையில் வரையும் தாளுக்குத்தான் அதிக மதிப்பு. இந்தக் கட்டத்தைத் தாண்டினால், கொடுக்கப்படும் பொருட்களை வைத்து அங்கேயே ஒரு மாதிரியைச் செய்து காட்டும் 'சிச்சுவேஷன் டெஸ்ட்' இருக்கிறது. அட்டை, கம்பி, துணித் துண்டு என்று எதைக் கொடுத்தாலும் அதை உருவமாக்கத் தெரிய வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கும், காகிதப் பூ செய்யத் தெரிந்த கைக்கும் இது அந்நியமான வேலை இல்லை. ஆனால் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உண்மையான தடை இதுதான். பிளஸ் ஒன்னிலேயே ஆங்கில வாசிப்பைத் தொடங்கினால் சமாளிப்பது எளிது.

காசுக்கு என்ன செய்வது?

நேரடியாகவே சொல்லிவிடலாம். நிஃப்டில் நான்கு ஆண்டுக்கு மொத்தமாக பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். ஹாஸ்டல், துணி, சாயம், லேப்டாப் செலவெல்லாம் தனி. திராட்சை விலை இறங்கினால் போட்ட முதலே திரும்பி வராத ஊரில் இது சின்னத் தொகை இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து கல்விக் கட்டணத்தில் உதவும் 'சார்த்தக்' என்ற திட்டம் நிஃப்டில் இருக்கிறது. ஐ.ஐ.டி. போன்ற முன்னணி நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு 2022-ல் வந்தது. அரசு மாதிரிப் பள்ளிகளில் படித்தவர்கள் நிஃப்டிலும் இடம் பிடித்திருக்கிறார்கள். இதில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தலைமை ஆசிரியரிடமும் முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த பிறகு ஓடக் கூடாது.

நிஃப்ட் கிடைக்காவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி சேரலாம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இந்தக் கலந்தாய்வுக்கான விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்கும் என்பதால், ரிசல்ட் வந்த பிறகும் திறந்திருக்கும் கதவு இது. டிசைனை விடத் தயாரிப்புப் பக்கம் அதிகம் சாயும் படிப்பு என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

மற்ற குரூப் படித்தவர்களுக்கு மூன்றாண்டு பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். திருப்பூரில் இருக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி வேறு, மத்திய அரசின் நிஃப்ட் வேறு. நிஃப்ட்-டீ, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1997-ல் தொடங்கியது. பனியன் தொழிலுக்குப் பக்கத்திலேயே இருப்பது அதன் பலம். ஆனால் நிஃப்டின் நுழைவுத் தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதுபோலக் காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கும் பெயர்களில் ஏகப்பட்ட தனியார் மையங்கள் இருக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, அல்லது அந்த மையத்தின் உரிமையாளரா? மூன்றாவது என்றால், லட்ச ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்குவது தையல் வகுப்பைத்தான்.

டெய்லருக்கும் டிசைனருக்கும் என்னதான் வித்தியாசம்?

வீட்டில் கண்டிப்பாக வரும் கேள்வி இது. 'தையல் கத்துக்க எதுக்கு நாலு வருஷம்?'

நம்ம ஊர் தையல் கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் முதலில் கேட்பது 'அளவு ஜாக்கெட் கொண்டாந்தியாம்மா?' என்றுதான். பழைய ஜாக்கெட்டை விரித்து வைத்து, அதைப் பார்த்து வெட்டிவிடுவார்கள். கை பழகிய டெய்லர் இதில் கெட்டிக்காரர். ஆனால் அந்த அளவு ஜாக்கெட்டிலேயே தோள் இறக்கம் தப்பாக இருந்தால், புதுசிலும் அதே தப்புதான் வரும். உடம்பை நேரடியாக அளந்து, அந்த அளவிலிருந்து காகிதத்தில் பேட்டர்ன் போட்டு, டாட் எங்கே வரணும், எவ்வளவு பிடிக்கணும் என்று கணக்கிட்டு வெட்டுவதுதான் படிப்பில் முதலில் சொல்லித்தரும் விஷயம். ஸ்கெட்ச் அழகாகப் போடத் தெரிந்தும் பேட்டர்ன் வராமல் திணறுகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நிலைப்பவர்களையும் விலகிப் போகிறவர்களையும் பிரிப்பது இந்த ஒரு திறமைதான்.

கணக்கு எங்கே வருகிறது என்றும் பாருங்கள். துவைத்த பிறகு டீ-சர்ட்டின் உயரம் 70 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். துணியோ 5 சதவீதம் சுருங்கக்கூடியது. 70 சென்டிமீட்டருக்கே வெட்டினால் முதல் சலவையில் 3.5 சென்டிமீட்டர் போய்விடும். '5 சதவீதம்தானே, 73.5-க்கு வெட்டுவோம்' என்றாலும் கொஞ்சம் குறையும். 70-ஐ 0.95-ஆல் வகுத்து 73.7 என்று வெட்ட வேண்டும். ஒரு டீ-சர்ட்டில் இது ஒன்றுமில்லை. ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டரில் இந்தக் கணக்குத் தப்பினால் கன்டெய்னரே திரும்பி வரும்.

படித்து முடித்தால் என்ன வேலை?

சினிமா, ரேம்ப் வாக் என்று நினைத்து வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ்நாட்டில் முதல் வேலை கிடைப்பது திருப்பூரில், மெர்ச்சண்டைசராக. வெளிநாட்டு பையர் அனுப்பும் 'டெக் பேக்'கில் ஸ்கெட்ச், அளவு, நூல், பட்டன், லேபிள் என எல்லாமே இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொண்டு சாம்பிள் செக்‌ஷனில் தைக்க வைத்து, ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் என்று ஒவ்வொன்றாக அனுப்பி ஓகே வாங்குவது இவர் பொறுப்பு. பி.பி. சாம்பிளுக்கு ஒப்புதல் வராமல் உற்பத்தி தொடங்காது. சொந்தமாக டிசைன் போட வாய்ப்பு குறைவு என்ற ஏமாற்றம் முதல் வருஷத்தில் பலருக்கும் வரும். ஆனால் ஒரு துணி எப்படிக் காசாகிறது என்பதை இந்த நாற்காலி அளவுக்குச் சொல்லித்தரும் வகுப்பறை கிடையாது.

கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் கேட் வேலையும் இருக்கிறது. கெர்பர், லெக்ட்ரா, ஆப்டிடெக்ஸ் மாதிரியான மென்பொருளில் கை பழகியிருந்தால் தனி மதிப்பு. துணி வெட்டாமலேயே திரையில் உடுத்திக் காட்டும் க்ளோ 3டியையும் இப்போது கேட்கிறார்கள். ஆனால் இது பையரை நம்பி ஓடும் தொழில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் ஆர்டர்கள் தடுமாறியதைப் பார்த்தோம். சம்பளத்தைக் கேட்கும்போது, அந்த கம்பெனி எந்த நாட்டுக்கு அனுப்புகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

சினிமா பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு உதாரணம். தேனி மாவட்டத்துக்காரரான பாலா இயக்கிய 'பரதேசி'க்காக, கோவையைச் சேர்ந்த பூர்ணிமா ராமசாமி சிறந்த ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது வாங்கினார். 60-வது தேசிய விருதுகள், 2013-ல் அறிவிக்கப்பட்டவை. அந்தப் படத்தில் ஜரிகையோ பளபளப்போ கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கந்தல்தான். ஒரு துணி எவ்வளவு நாள் உழைத்திருக்கிறது, எந்த இடத்தில் முதலில் கிழியும் என்று யோசிப்பதும் டிசைனர் வேலைதான்.

'கிராமத்துல இருந்து வந்தா நடக்குமா?' என்பவர்களுக்கு ராகுல் மிஸ்ராவைச் சொல்லலாம். உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம் மல்ஹௌசி என்ற கிராமத்துக்காரர். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, பிறகுதான் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 2014-ல் சர்வதேச வூல்மார்க் பரிசு, 2020-ல் பாரிஸ் ஹோட் கூட்டூர் வாரத்தில் மேடை. இரண்டுமே அதற்கு முன் எந்த இந்திய டிசைனருக்கும் கிடைக்காதவை. அவர் ஆடைகளின் உயிர் கிராமத்துக் கைவினைஞர்கள் போடும் கையெம்பிராய்டரி. நம் பக்கத்திலும் ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரத்தில் காட்டன் சேலைத் தறிகள் ஓடுகின்றன. பாவு எப்படி ஓட்டுகிறார்கள், பார்டர் எப்படி விழுகிறது என்று ஒரு நாள் போய் நின்று பாருங்கள். பஸ் டிக்கெட் காசுதான் செலவு. மதுரையில் 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சுங்குடி இருக்கிறது. நுழைவுத் தேர்வில் வரையும்போது எல்லாரும் ஈஃபில் டவரைப் போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் பந்தல் திராட்சைக் கொத்தையும் சுங்குடிப் புள்ளியையும் போடலாமே!

தவறவிட்டவர்கள் என்ன செய்யலாம்?

மீண்டும் அந்த மே மாதத்து மாணவிக்கே வருவோம். அவருக்கு வயது 17 அல்லது 18. நிஃப்ட் இளநிலைப் படிப்புக்கு, சேரும் ஆண்டின் ஆகஸ்ட் 1-ம் தேதியில் 24 வயதுக்குள் இருந்தால் போதும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வும் உண்டு. எனவே அடுத்த ஆண்டு எழுதலாம்.

நடுவில் இருக்கும் அந்த ஒரு வருஷத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டியதில்லை. அரசு ஐ.டி.ஐ.களில் சூயிங் டெக்னாலஜி, ஃபேஷன் டிசைன் அண்ட் டெக்னாலஜி ஆகிய ஓராண்டுப் பிரிவுகள் இருக்கின்றன. எந்த ஐ.டி.ஐ.யில் எது என்பதை சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். பவர் மெஷின், ஓவர்லாக், பேட்டர்ன் எல்லாம் கைக்குப் பழகிவிடும். மத்திய அரசு அங்கீகாரம் உள்ள சான்றிதழ் என்பதால், நாளைக்குச் சொந்தமாகக் கடை போட வங்கிக்குப் போனாலும் காட்டலாம்.

சாயங்காலம் வந்து ஏ3 தாளில் தினம் ஒரு படம், ஒரு பக்கம் ஆங்கில வாசிப்பு. நவம்பரிலிருந்து நிஃப்ட், தேசிய தேர்வு முகமை இணையதளங்களை வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இடம் கிடைத்தால் சென்னைக்குப் போக போடியிலிருந்தே வாரம் மூன்று நாள் ரயில் இருக்கிறது.