கோட்டை அறியாத கடல்

நம் காவிரியின் கழிமுகம் கோடியக்கரையில் பாக்கு நீரிணையைத் தொடுகிறது. ஆகவே மன்னார்புரத்தில் வாழும் எனக்கும் அக்கடல் அயலன்று. பூகோள ஆசிரியனாகையால், 1974-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் அங்கு வகுத்த எல்லைக்கோட்டைத் தேசப்படத்தில் மாணவர்க்குக் காட்டியிருக்கிறேன். பருவக்காற்றுக்கேற்பத் திசைமாறும் நீரோட்டமோ, அதனோடு செல்லும் மீனினமோ அக்கோட்டை அறியா.

அந்நீரிணைக்குத் தெற்கேயுள்ள பாக்கு விரிகுடா ஆழமற்றது. கதிரொளி எட்டுவதால் கடற்புல் செழிக்கிறது. அதுவே இறாலுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் தொட்டில். இழுவைமடி அத்தரையை உழுதால் இராமேசுவரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒருங்கே வறுமையுறுவர். இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடைசெய்தது; நம் கரையிலோ அது இன்னும் ஒழியவில்லை. ஒரு கரையார் காக்க, மறுகரையார் அழித்தால் பயனென்ன? கடலைக் காக்கும் விதி இரு கரைக்கும் ஒன்றாதல் வேண்டும்.