தாம்பரத்துக்கு 49, நுங்கம்பாக்கத்துக்கு 29! ஒரே மழையில் ஏன் இத்தனை வித்தியாசம்?

சென்னை: "தெருவுல முழங்கால் தண்ணி நிக்குது. ரேடியோவுல 5 சென்டிமீட்டர்னு சொல்றான். எவன்யா அளந்தது?"

மழைக்காலத்தில் டீக்கடைக்கு டீக்கடை கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

2015 டிசம்பர் 2-ந் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கைப் பாருங்கள். தாம்பரத்தில் 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47. மீனம்பாக்கத்தில் 35. நுங்கம்பாக்கத்தில் 29. எல்லாம் ஒரே மழைதான்!

49 செ.மீ. என்றால் எவ்வளவு? 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். அந்தக் கணக்குப்படி, தாம்பரத்தில் 1 கிரவுண்டு மனையில் மட்டும் கொட்டியது 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி 9 வரிசையாக வந்து கவிழ்த்தது போல! நுங்கம்பாக்கத்து மனைக்கு 65 ஆயிரம் லிட்டர்தான். ஒரே கருவியை நம்பி ஊர் முழுசுக்கும் கணக்குப் போட்டால் என்ன ஆகும்?

மொட்டை மாடி ஆகாது

கருவி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மேலே புனல், கீழே பாத்திரம், அளக்க ஒரு ஜாடி. தரையில் இருந்து அதன் வாய் 30 செ.மீ. உயரம். வைக்கிற இடம்தான் வம்பு. மாடியில் வைத்தால் காற்று துளியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கணக்கு குறையும். மரம், சுவர் உயரத்தைப் போல 2 மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். சென்னையில் அப்படி ஒரு வெட்டவெளிக்கு எங்கே போவது?

காட்டுக்குக் கூரை

காட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். இலையில் தங்கி ஆவியாவது ஒரு பங்கு. கீழே சொட்டுவது ஒரு பங்கு. அடிமரம் வழியே வழிவது ஒரு பங்கு. அதனால் மரத்தடியில் பல கருவிகளை இறைத்து வைத்துத்தான் கணக்கு எடுக்கிறார்கள். காட்டை வெட்டி வயலாக்கினால் இந்தக் கணக்கே தலைகீழ்.

பிரேசில் நாட்டு அமேசான் காட்டில், கஷுவானா என்ற இடத்தில், 2002-ல் ஒரு துணிச்சலான சோதனை தொடங்கியது. 1 ஹெக்டேர் காட்டில், மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் கூரை போட்டார்கள். தரைக்கு வரும் மழையில் பாதியை வெளியே திருப்பி விட்டார்கள். மழை குறைந்தால் காடு தாங்குமா என்று பார்க்கத்தான்! சின்ன மரங்கள் தாக்குப்பிடித்தன. பெரிய மரங்கள்தான் அதிகம் செத்தன.

சதுப்பு நிலம் எங்கே?

நம்ம பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 12½ தான். மழையைக் குடித்த மண் மேல் வீடு, ரோடு, குப்பைமேடு.

ஆக, டீக்கடையில் கேட்டவர் சொன்னதும் பொய்யில்லை, ரேடியோ சொன்னதும் பொய்யில்லை. 5 செ.மீ. என்பது கருவி இருக்கும் இடத்தில் விழுந்தது. அவர் தெருவில் நிற்பது, போக வழியில்லாமல் அக்கம்பக்கத்து நாலு தெருவில் இருந்து ஓடி வந்த தண்ணீர்!